ஏழாவது கேள்விக்கு ஐந்து மதிப்பெண்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. என் அக்காவிடமிருந்து எடுத்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு அவள் எனக்குப் போன் செய்தாள். எடுத்த எடுப்பில் கேட்டாள்:

"ரெண்டு வாரம் மெடிக்கல் லீவு போடலாம்னு இருக்கேன். என்ன வியாதின்னு சொன்னா ரெண்டு வாரம் தாங்கும்?"

நான் கதை எழுதுகிறவள். வீட்டில் யாருக்குப் பொய் தேவைப்பட்டாலும் என்னிடம்தான் வருவார்கள். முதுகுவலி என்றேன். வெளியே தெரியாது, ஆளுக்கு ஆள் மாறும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

"ஏன்க்கா, என்ன ஆச்சு?"

"கேள்வித்தாள்," என்றாள். அதற்குள் பேருந்து வந்துவிட்டது.

கேள்வித்தாளுக்குப் பயந்து லீவு போடுவது பிள்ளைகள் செய்கிற வேலை. அதை ஓர் ஆசிரியை செய்தால் அதில் கதை இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அக்காவைப் பற்றிய கவலை அதற்குப் பிறகுதான் வந்தது. (இந்த வரிசையை மாற்றி எழுதிப் பார்த்தேன். படிக்க நன்றாக இருந்தது, ஆனால் பொய். அக்கா இதைப் படிக்கும்போது மன்னிக்கட்டும்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. ஆசிரியர் அறையின் ஜன்னலோரம் நின்றிருந்த அவள், வெளியே'

வெளியே எதைப் பார்த்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. அக்காவையே கேட்டேன்.

"மழையே இல்லயே. ஜன்னலை மறைச்சு பீரோ போட்டிருக்கு. அங்க நின்னா பீரோவத்தான் பாக்கணும்."

இரண்டாவது தொடக்கம்: 'தேர்வு யாருக்கு? எழுதுகிற மாணவருக்கா, திருத்துகிற ஆசிரியருக்கா, அல்லது'

இது பேச்சுப் போட்டிக்குத்தான் ஆகும். அடித்துவிட்டேன். மூன்றாவதாக, நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

அக்கா எட்டாம் வகுப்பு 'பி' பிரிவுக்கு அறிவியல் எடுக்கிறாள். 'ஏ' பிரிவுக்கு எடுப்பவருக்குப் பள்ளி முழுக்க 'அரைமார்க்' என்று பெயர். எந்த விடையிலும் அரை மதிப்பெண் குறைக்க அவருக்குக் காரணம் கிடைக்கும். 'சி' பிரிவுக்குப் புது டீச்சர். அவர் வந்து இரண்டு வருடம் ஆகிறது, ஆனாலும் புது டீச்சர்தான். மூன்று பேரும் அவரவர் வகுப்புக்கு அவரவரே கேள்வித்தாள் தயாரித்தார்கள், அவரவரே திருத்தினார்கள், அவரவரே மதிப்பெண் போட்டார்கள். ஒருவர் தாளை இன்னொருவர் பார்த்ததே கிடையாது.

அப்படி இருக்கும்போது ஓர் அம்மா தலைமையாசிரியையிடம் வந்தார். அவருக்கு இரட்டைப் பெண் குழந்தைகள். ஒருத்தி 'ஏ', ஒருத்தி 'பி'. ஒருத்திக்கு ஐம்பத்தெட்டு, இன்னொருத்திக்குத் தொண்ணூற்றொன்று. இரண்டு கேள்வித்தாளையும் மேசை மேல் வைத்து அவர் கேட்டாராம்: "இதுல எந்தப் பொண்ணுக்கு அறிவியல் நல்லா வருதுன்னு நீங்களே சொல்லுங்க."

தலைமையாசிரியை இரண்டையும் படித்துப் பார்த்தார். அவரால் சொல்ல முடியவில்லை. அன்று சாயங்காலமே உத்தரவு வந்தது. இனி மூன்று பிரிவுக்கும் ஒரே கேள்வித்தாள். மூவரும் சேர்ந்து உட்கார்ந்து தயாரிக்க வேண்டும், விடைக்குறிப்பையும் சேர்ந்தே எழுத வேண்டும். திருத்தும்போது ஒருவர் பிரிவுத் தாளை இன்னொருவர் திருத்த வேண்டும்.

3

அக்கா ஏன் பயந்தாள் என்பதை நான் கதையின் நடுவில் வைக்கத்தான் திட்டமிட்டிருந்தேன். வாசகரைக் கொஞ்சம் காக்க வைக்கலாம் என்று ஆசை. வேண்டாம், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அக்கா படித்தது தாவரவியல். எட்டாம் வகுப்பில் அறிவியல் என்றால் எல்லாம் சேர்ந்தது: செடி, உடம்பு, அமிலம், மின்சாரம். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் மின்சுற்று பாடம் நடத்தினாள். ஒரு பெண் எழுந்து, "டீச்சர், எங்க வீட்டு ஹால்ல ஒரு பல்ப் ஃப்யூஸ் போயிருச்சு. ஆனா ஃபேன் ஓடுது, மத்த லைட்டெல்லாம் எரியுது. நீங்க நேத்து சொன்னபடி பாத்தா எல்லாமே அணையணும்ல?" என்று கேட்டாள். முந்தின நாள்தான் அக்கா, சுற்றில் ஓர் இடத்தில் அறுந்தால் எல்லாம் நின்றுவிடும் என்று சொல்லியிருந்தாள். பதில் தெரியவில்லை. ஏதோ சொன்னாள். அந்தப் பெண் உட்கார்ந்த விதத்திலேயே அது தப்பான பதில் என்று தெரிந்துவிட்டது.

அடுத்த வருடம் அந்தப் பாடம் வந்தபோது, "இதை நீங்களே படிச்சுக்கங்க, பரீட்சைக்கு வராது," என்றாள். கேள்வித்தாள் தயாரிப்பவள் அவள்தானே, அது வரவே இல்லை. அதற்கு அடுத்த வருடமும் அப்படியே. இப்படி ஒன்பது வருடம்.

(ஒன்பது வருடத்தில் யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் கேட்டேன். "முதல் வருஷம் கேட்டா சந்தேகம். மூணாவது வருஷம் கேட்டா கேவலம். அதுக்கப்புறம் எப்படிக் கேக்கறது, நீயே சொல்லு," என்றாள்.)

4

முதல் கூட்டம் நூலக அறையில் நடந்தது. நீளமான மேசை, மூன்று நாற்காலி, மூன்று டீ. அரைமார்க் தன் சிவப்பு மைப் பேனாவைக் கையோடு கொண்டுவந்திருந்தார். கேள்வி தயாரிக்கும்போது சிவப்பு மை எதற்கு என்று புது டீச்சர் கேட்டதற்கு, "வேற பேனா என்கிட்ட இல்லம்மா," என்றார்.

ஆறு கேள்விகள் சுலபமாக முடிந்தன. ஏழாவதை அரைமார்க் படித்தார்: "ஒரு மின்கலத்துடன் இரண்டு பல்புகள் பக்க இணைப்பில் இணைக்கப்பட்டுள்ளன. ஒரு பல்பைக் கழற்றினால் மற்றது என்ன ஆகும்? காரணத்தைப் படத்துடன் விளக்குக. அஞ்சு மார்க்."

"அது பசங்களுக்குக் கஷ்டமா இருக்கும் சார்," என்றாள் அக்கா.

"எந்த விதத்துல கஷ்டம்?"

"அஞ்சு மார்க்குக்கு அது ரொம்ப... நுரையீரல் போட்டுரலாமே. படமும் வரையச் சொல்லலாம்."

"நுரையீரல் மூணாவது கேள்வியிலயே இருக்கு டீச்சர்," என்றார் புது டீச்சர், மெதுவாக.

"என் பிரிவுல அந்தப் பாடம் இன்னும் நடத்தல."

"பரீட்சைக்கு ரெண்டு வாரம் இருக்கு," என்றார் அரைமார்க். "ரெண்டு வாரத்துல ரெண்டு தடவை நடத்திரலாம்." ஏழு என்று எழுதி, பக்கத்தில் சிவப்பில் ஒரு வட்டம் போட்டார்.

அங்கிருந்து இறங்கி நடந்துதான் அக்கா பேருந்து நிறுத்தத்துக்கு வந்தாள். எனக்குப் போன் செய்தாள்.

5

இந்த இடத்தில் எனக்கு ஒரு சிக்கல். எழுத எழுத, அரைமார்க் வில்லனாக மாறிக்கொண்டே வந்தார். வட்டம் போட்டதும் அவருக்கு ஒரு கனைப்பு கொடுத்தேன். பிறகு உதட்டோரம் ஒரு சிரிப்பு. அடுத்த பக்கத்தில் அவர் அக்காவின் ரகசியத்தை மோப்பம் பிடித்து, தலைமையாசிரியையின் அறைக்கு

இல்லை, அப்படி எதுவும் நடக்கவில்லை. வரைவைப் படித்துவிட்டு அக்கா கோபப்பட்டாள்.

"அவர் எங்கடி சிரிச்சாரு? டீ சூடா இருந்துச்சு, ஊதிக் குடிச்சாரு. அவ்வளவுதான்."

"கதைக்கு ஒரு எதிர்ப்பு வேணும்க்கா."

"வேணும்னா என்னையே போட்டுக்க. அந்தப் பாடத்தை மறைச்சது அவரா, நானா?"

கனைப்பையும் சிரிப்பையும் எடுத்துவிட்டேன். டீயை விட்டுவைத்திருக்கிறேன்.

லீவு விஷயம் என்ன ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அன்று வீட்டுக்குப் போய் விண்ணப்பம் எழுத உட்கார்ந்திருக்கிறாள். 'கடுமையான முதுகுவலி காரணமாக' என்று எழுதி முடிப்பதற்குள் முதுகு உண்மையிலேயே வலிக்க ஆரம்பித்துவிட்டதாம். பயந்துபோய்க் கிழித்துப் போட்டுவிட்டாள்.

6

இரண்டாவது கூட்டத்துக்கு முன் ஒரு வேலை இருந்தது. விடைக்குறிப்பு தயாரிக்க, மூவரும் தனித்தனியாக எல்லாக் கேள்விக்கும் விடை எழுதிக்கொண்டு வர வேண்டும். மாணவர்களைப் போலவே, பார்த்து எழுதாமல். பிறகு மூன்றையும் அருகருகே வைத்து ஒப்பிட வேண்டும். இது புது டீச்சரின் யோசனை. "நமக்கே ஒரே பதில் வரலன்னா, கேள்வி சரியில்லன்னு அர்த்தம்," என்றார்.

அக்கா பாடப்புத்தகத்தை இரண்டு நாள் படித்தாள். சொற்கள் புரிந்தன, விஷயம் புரியவில்லை. கடைசியில் ஏழாவது கேள்விக்கு நேராக இடம் விட்டு, தாளை நாலாக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு போனாள்.

கூட்டம் இந்த முறை ஆய்வகத்தில். ஏழாவது கேள்வி வந்ததும் அரைமார்க் தன் விடையைச் சொன்னார்: "மற்றொரு பல்பு முன்பைவிடப் பிரகாசமாக எரியும்."

புது டீச்சர் நிமிர்ந்தார். "இல்ல சார். முன்ன மாதிரியே எரியும். அதுல மாத்தமே இருக்காது."

"நான் இருபத்தி ரெண்டு வருஷமா நடத்தறேம்மா."

"தெரியும் சார். ஆனா முன்ன மாதிரியேதான் எரியும்."

வாக்குவாதம் கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு அரைமார்க் எழுந்து அலமாரியிலிருந்து இரண்டு டார்ச் பல்பு, கம்பி, ஒரு பழைய மின்கலம் எல்லாவற்றையும் எடுத்து மேசை மேல் பரப்பினார். அவருக்கு வயர் முறுக்கத் தெரியும், ஆனால் கண்ணாடியை வகுப்பிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். புது டீச்சர் சுற்றை இணைத்தார். இரண்டு பல்பும் மங்கலாக எரிந்தன.

"டீச்சர், நீங்க ஒண்ணைக் கழட்டுங்க," என்றார் அரைமார்க் அக்காவிடம்.

அக்கா கழற்றினாள். மற்றது அணையவில்லை. கொஞ்சம் பிரகாசமாகக்கூட எரிந்தது.

"பாத்தீங்களா," என்றார் அரைமார்க்.

"அது மின்கலம் பழசு சார். அதுக்குள்ளயே கொஞ்சம் தடை இருக்கும். பாரம் குறைஞ்சதும் மூச்சு விடுது. புதுசு போட்டுப் பாக்கலாம்."

புது மின்கலம் ஆய்வகத்தில் இல்லை. புது டீச்சர் சுற்றிப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்துக்குப் போன வாரம்தான் மாற்றியிருந்தார்கள். நாற்காலி மேல் ஏறி அதை உருவி எடுத்துவந்து மாட்டினார். அக்கா திரும்பவும் ஒரு பல்பைக் கழற்றினாள். மற்றது அப்படியே எரிந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

(கடிகாரம் நாலு பத்துக்கு நின்றது. இதை வைத்து ஏதாவது பெரிதாகச் சொல்ல முடியுமா என்று நான் ஒரு நாள் முழுக்க யோசித்தேன். அக்கா சொன்னது: மின்கலத்தைத் திரும்ப மாட்டிவிட்டு நேரத்தைச் சரிசெய்ய மறந்துவிட்டார்கள். மூன்று நாள் ஆய்வக வகுப்புகள் எல்லாம் தாமதம். மணி அடிப்பவர் சண்டைக்கு வந்தார்.)

இப்போது இருவரும் அவரவர் விதத்தில் சரி. அரைமார்க் விட்டுக்கொடுக்கவில்லை, புது டீச்சரும் விடவில்லை. ஒரே நேரத்தில் இருவரும் அக்காவின் பக்கம் திரும்பினார்கள்.

"நீங்க சொல்லுங்க டீச்சர்," என்றார் அரைமார்க். "உங்க தாள்ல என்ன எழுதியிருக்கீங்க? நீங்க எழுதினது எதுவோ அதையே வச்சுக்கலாம்."

இந்த இடத்தை நான் மூன்று விதமாக எழுதினேன். ஒன்றில் அக்கா தாளைக் கிழித்துவிட்டு வெளியே ஓடினாள். இன்னொன்றில் மேசையில் தலை சாய்த்து அழுதாள். மூன்றாவதில் சாமர்த்தியமாக ஏதோ சொல்லித் தப்பித்தாள்.

"ஓடற அளவுக்கு என்கிட்ட தெம்பு இல்ல," என்றாள் அக்கா, படித்துவிட்டு. "அழவும் இல்ல. கையில பல்ப் சுட்டுச்சு. அதைக் கீழ வைக்கணும்னு தோணிச்சு. வச்சேன். வச்சதும் சொல்லிட்டேன்."

அவள் சொன்னது இதுதான்:

"எனக்கு இந்தப் பாடமே தெரியாது சார். நடத்தறதும் இல்ல. ஒன்பது வருஷமா பசங்களை ஏமாத்திட்டு இருக்கேன்."

மடித்த தாளைப் பிரித்து நடுவில் வைத்தாள். ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் வெறும் வெள்ளை.

7

இதற்கு அடுத்த அரை நிமிடம் யாரும் பேசவில்லை என்று அக்கா சொல்கிறாள். எழுதுகிறவளுக்கு அரை நிமிட மௌனம் கிடைத்தால் அரைப் பக்கம் நிரப்பலாம். நிரப்பாமல் விடுகிறேன்.

அரைமார்க் கழற்றிய பல்பை எடுத்துத் திரும்ப மாட்டினார். இரண்டும் எரிந்தன. அவற்றைப் பார்த்தபடியே சொன்னார்:

"பதினோராவது பாடம் நான் நடத்தறதில்ல."

பதினோராவது பாடம் வளரிளம் பருவம். உடம்பில் வரும் மாற்றங்கள், மாதவிடாய், குரல் உடைவது, எல்லாம்.

"வீட்டுல படிச்சுக்கங்கன்னு சொல்லிருவேன். எனக்கு வாய் வராது. ஒன்பதுன்னு சொன்னீங்க. எனக்கு இருபத்தி ரெண்டு."

புது டீச்சர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"நான் எல்லாப் பாடமும் நடத்திட்டேன்," என்றார். "ஆனா என் வகுப்புல யாருக்கும் எதுவும் புரியல. அதை யார்கிட்ட சொல்றதுன்னு தெரியாம ரெண்டு வருஷமா சுத்திட்டிருக்கேன்."

அன்று மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் அக்கா பையைப் போட்டுவிட்டு எனக்குப் போன் செய்தாள். "சொல்லிட்டேன்டி," என்றாள். குரல் பத்து வயது குறைந்திருந்தது. "இப்ப எனக்குப் பசிக்குது. நாலு நாளா பசியே இல்ல, தெரியுமா?" பேசிக்கொண்டே எதையோ மென்றாள். என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டேன். "கையில கிடைச்சது," என்றாள்.

8

அடுத்த வாரம் மாற்றிக்கொண்டார்கள். 'பி' பிரிவுக்கு மின்சுற்று நடத்த அரைமார்க் வந்தார். அக்கா கடைசி பெஞ்சில் நோட்டோடு உட்கார்ந்தாள். பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். "நானும் படிக்கத்தான் வந்திருக்கேன், முன்னாடி பாருங்க," என்றாள்.

அந்த வகுப்பறைக்கு இரண்டு கதவு. அரைமார்க் எல்லாரையும் எழுந்து வரிசையாக நடக்கச் சொன்னார். பாதிப் பேர் முன் கதவு வழியாக வெளியே போய், தாழ்வாரத்தில் நடந்து, சுற்றி அதே கதவு வழியாக உள்ளே வர வேண்டும். மீதிப் பேர் பின் கதவு வழியாக. எல்லாரும் நடந்துகொண்டிருக்கும்போது அவர் முன் கதவைச் சாத்தினார். அந்த வழியில் போனவர்கள் நின்றார்கள். பின் கதவு வழியாகப் போனவர்கள் பாட்டுக்கு நடந்துகொண்டே இருந்தார்கள்.

"ஏன் நிக்கல?" என்று கேட்டார் அவர்களிடம்.

"எங்க கதவு தெறந்துதான சார் இருக்கு."

"அவ்வளவுதான் பக்க இணைப்பு," என்றார். "எழுதிக்கங்க."

அக்கா எழுதவில்லை. பிள்ளைகளோடு அவளும் நடந்த வேகத்தில் மூச்சு வாங்கத் தாழ்வாரத்துச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். "இவ்வளவுதானா," என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறாள். பக்கத்தில் நின்ற பெண், "ஆமா டீச்சர், இவ்வளவுதான்," என்று ஆறுதல் சொன்னாளாம்.

பதிலுக்கு அக்கா 'ஏ' பிரிவுக்குப் போய்ப் பதினோராவது பாடம் நடத்தினாள். வாய் திறந்து கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் துண்டுச்சீட்டில் எழுதிப் போடலாம் என்று ஒரு சாக்பீஸ் டப்பாவைக் காலி செய்து மேசையில் வைத்தாள். அரைமார்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாடம் முடியும்வரை தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டப்பாவில் பதினேழு சீட்டு விழுந்தது. ஒவ்வொன்றாகப் படித்துப் பதில் சொன்னாள். பதிமூன்றாவதோ பதினாலாவதோ சிவப்பு மையில் எழுதியிருந்தது: 'என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. அவளிடம் இதை எப்படிப் பேசுவது?'

அக்கா அதை வாய்விட்டுப் படிக்கவில்லை. மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, பொதுவாக வகுப்பைப் பார்த்துச் சொன்னாள்: "வீட்டுல யாராவது இதைப் பத்தி உங்ககிட்ட பேச வந்தா, அவங்களுக்கும் கூச்சமாத்தான் இருக்கும். வார்த்தை தடுமாறும். அதுக்காகச் சிரிக்காதீங்க. அவங்க ஆரம்பிச்சதே பெரிசு. மிச்சத்தை நீங்க கேள்வி கேட்டு எடுத்துக்கங்க."

கடைசி பெஞ்சில் தலை நிமிர்ந்ததா என்று கேட்டேன். "நான் பாக்கல," என்றாள் அக்கா. "பாத்திருந்தா அவருக்குக் கஷ்டமா இருக்கும்ல." வற்புறுத்திக் கேட்டும் இதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை. அதனால் இங்கேயும் இல்லை.

9

தேர்வு நடந்தது. 'பி' பிரிவின் தாள்கள் புது டீச்சருக்குப் போயின, புது டீச்சருடையவை அரைமார்க்குக்கு, அவருடையவை அக்காவுக்கு.

ஏழாவது கேள்வியில் 'பி' பிரிவு முதலிடம் வந்தது என்று எழுத என் கை துடித்தது. வரவில்லை. ஐந்துக்குச் சராசரி மூன்று. மூன்று பிரிவில் நடுவில் நின்றது. அக்காவுக்கு அது போதுமென்றால் போதும். "முதல்ல வந்திருந்தா சந்தேகப்பட்டிருப்பேன்," என்றாள். 'சி' பிரிவு கடைசியில் நின்றது. புது டீச்சர் அதை ஒளிக்கவில்லை. அடுத்த பருவத்துக்கு அரைமார்க்கின் வகுப்பில் வாரம் ஒரு நாள் உட்காரலாமா என்று கேட்டிருக்கிறார். "பேனா மட்டும் சிவப்புல கொண்டுவராதீங்க, குழம்பிரும்," என்றாராம் அவர்.

நிம்மதியை எழுதுவது கஷ்டம். துக்கத்துக்கு எத்தனையோ அடுக்கு இருக்கிறது, ஒவ்வொன்றாகத் திறக்கலாம். நிம்மதி வந்துவிட்டால் ஆள் காலை நீட்டிப் படுத்துவிடுகிறார், பக்கத்தில் நின்று எழுதுகிறவளுக்கு வேலை இல்லை. அக்கா இப்போது அப்படித்தான் இருக்கிறாள். போன் செய்தால் எடுப்பதில்லை. எடுத்தால் தாள் திருத்துகிறேன் என்கிறாள்.

10

முடிவு என்று ஒன்று வேண்டுமே. நான் நினைத்திருந்த முடிவு: தலைமையாசிரியை மூவரையும் அழைத்துப் பாராட்டுகிறார், அக்காவின் கண்கள்

வேண்டாம். கடைசியாக நடந்ததைச் சொல்லிவிட்டு விலகிக்கொள்கிறேன்.

ஒரே ஒரு தாளில் மட்டும் மூவருக்கும் ஒத்துப்போகவில்லை. 'ஏ' பிரிவில் ஒரு பிள்ளையின் தாள். ஏழாவது கேள்விக்கு விடை இப்படி இருந்தது: 'மற்ற பல்பு எரியும். ஏனென்றால் அதற்குத் தனி வழி இருக்கிறது. ஒரு வழி அடைத்தாலும் இன்னொரு வழியில் மின்சாரம் போய்த் திரும்பி வரும்.' கீழே படம். இரண்டு பல்பு, சுவிட்ச், கம்பிகள், எல்லாம் அளவாக, அழகாக. மின்கலம் மட்டும் இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் கம்பி நேராகப் போயிருந்தது.

மூவரும் சேர்ந்து எழுதிய விடைக்குறிப்பு: எரியும் என்பதற்கு இரண்டு, காரணத்துக்கு இரண்டு, சரியான படத்துக்கு ஒன்று.

"மின்கலம் இல்லாம பல்ப் எப்படி எரியும்? படத்துக்கு ஒண்ணும் கிடையாது. நாலு," என்றார் புது டீச்சர்.

"எரியும்னு எழுதியிருக்கு. ஆனா எப்படி எரியும்ங்கிறதை எழுதல. முன்ன மாதிரியா, கூடவா? அந்த நாலுல அரை போச்சு, மூணரை," என்றார் அரைமார்க்.

"கேள்வியிலயே 'ஒரு மின்கலத்துடன்'னு நாமதான் குடுத்திருக்கோம்," என்றாள் அக்கா. "அது இருக்குன்னு அந்தப் பிள்ளை எடுத்துக்கிச்சு. கேட்டது பிரிஞ்சு போற பாதைதான். பாதை சரியா இருக்கு. அஞ்சு."

இருபத்தைந்து நிமிடம் சண்டை நடந்ததாம். அக்கா கரும்பலகையில் படம் போட்டு வாதாடியிருக்கிறாள். மின்னோட்டம் எங்கே பிரிகிறது, எங்கே சேர்கிறது என்று அம்புக்குறி போட்டு, பாதியில் அரைமார்க் குறுக்கிட்டபோது, "இருங்க சார், நான் முடிச்சுக்கறேன்," என்று சொல்லியிருக்கிறாள். அதை எனக்குச் சொல்லும்போது இரண்டு தடவை சொன்னாள்.

கடைசியில் அந்தத் தாளுக்கு எத்தனை போட்டார்கள் என்று எனக்குத் தெரியும். சொல்லப் போவதில்லை. விடை உங்கள் முன்னால் இருக்கிறது, விடைக்குறிப்பும் இருக்கிறது, மூன்று பேர் சொன்னதையும் கேட்டுவிட்டீர்கள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். படத்தை இன்னொரு தடவை பாருங்கள்.

எத்தனை போடுவீர்கள்?